தன்பாலீர்ப்புள்ள பிள்ளைகளைப் பற்றி இளையோர் நாவல் எழுதுவது எப்படி: சேலத்தை வைத்து ஒரு முழு வழிகாட்டி

இந்த மாதிரி நாவலுக்கு ஒரு வழக்கமான முடிவு உண்டு. பையன் உண்மையைச் சொல்கிறான், அம்மா அழுகிறாள், அப்பா கை ஓங்குகிறார். இருபது பக்கம் கழித்து அதே அப்பா தோளில் கைபோட்டு, "நீ எப்படி இருந்தாலும் என் புள்ளைடா" என்கிறார். படிக்கிற பதினாறு வயதுப் பிள்ளை இதை நம்பாது. வேதியியலில் ஃபெயில் ஆனதையே அப்பாவிடம் நேராகச் சொல்லாத வீடுகள் நம்முடையவை. அம்மாவிடம் சொல்வோம். அவள் இரண்டு நாள் பார்ப்பாள், அப்பா சாப்பிட்டு முடித்து நல்ல மனநிலையில் இருக்கும்போது மெதுவாக எடுப்பாள். மதிப்பெண்ணுக்கே இப்படி என்றால், இந்தச் சேதி மட்டும் ஒரே மாலையில், ஒரே ஹாலில், எல்லோர் காதிலும் விழுமா?

அதனால் இந்த வழிகாட்டி முழுக்க ஒரே யோசனையைச் சுற்றித்தான் வரும். சேதி வீட்டுக்குள் யார் யார் வழியாகப் போகிறது என்பதை முதலில் வரைந்துகொள்ளுங்கள், கதை அதன் பின்னால் வரட்டும்.

முதல் படி: வருடத்தை முடிவு செய்யுங்கள்

"இன்றைய சேலம்" என்று பொத்தாம்பொதுவாக ஆரம்பித்தால் கதை நடுவில் தடுமாறும். சட்டம் ஒவ்வொரு சில வருடத்துக்கும் மாறியிருக்கிறது, அதோடு வீட்டுப் பேச்சும் மாறியிருக்கிறது. 2009 ஜூலையில் டெல்லி உயர்நீதிமன்றம், தன்பாலின உறவைக் குற்றமாக்கிய இந்திய தண்டனைச் சட்டத்தின் 377-ஆம் பிரிவின் பிடியைத் தளர்த்தியது. 2013 டிசம்பர் 11 அன்று உச்சநீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்து செய்தது. 2018 செப்டம்பர் 6 அன்று, வயது வந்த இருவர் சம்மதத்தோடு கொள்ளும் உறவு குற்றமில்லை என்று ஐந்து நீதிபதிகள் அமர்வு சொன்னது. 2023 அக்டோபர் 17 அன்று தன்பாலினத் திருமணத்துக்குச் சட்ட அங்கீகாரம் தர உச்சநீதிமன்றம் மறுத்துவிட்டது.

இவற்றையெல்லாம் நாவலுக்குள் கொட்ட வேண்டியதில்லை. ஆனால் கதை 2014-ல் நடந்தால் ஒரு விசித்திரம் கிடைக்கும். அந்த ஏப்ரலில்தான் திருநர்களை மூன்றாம் பாலினமாக உச்சநீதிமன்றம் அங்கீகரித்தது. நான்கு மாதம் முன்பு அதே நீதிமன்றம்தான் தன்பாலீர்ப்பை மறுபடி குற்றத்துக்குள் தள்ளியிருந்தது. பள்ளியில் இரண்டையும் போட்டுக் குழப்பி ஒரு பையனைக் கிண்டல் செய்வார்கள். அவனுக்கே அந்தக் குழப்பம் இருக்கும், "அப்போ நான் திருநங்கையா?" என்று யோசிப்பான். அந்த வயதில் அது நியாயமான கேள்வி. ஒரு அத்தியாயமே எழுதலாம்.

2018 என்றால் செப்டம்பர் 6 வியாழக்கிழமை, பள்ளி நாள். மாலை வீட்டுக்கு வந்தால் டிவியில் இதுவே ஓடுகிறது. யாரும் சேனலை மாற்றவில்லை, அப்பா சத்தத்தை மட்டும் குறைக்கச் சொல்கிறார். இதுபோல ஒரு தேதி போதும்.

இந்த வழிகாட்டிக்காக ஒரு கற்பனைக் கதையை எடுத்துக்கொள்கிறேன். வருடம் 2022, ஜூன் மாதம், பள்ளி திறக்கிற நேரம்.

இரண்டாம் படி: இடத்தை வேலையோடு சேர்த்து எழுதுங்கள்

தினேஷுக்கு வயது 16, பிளஸ் ஒன். சேலம் சிவதாபுரத்தில் அப்பாவுக்கு வெள்ளிக் கொலுசுப் பட்டறை. பட்டறை வேறு வீடு வேறு இல்லை, முன்னறையில் கம்பி இழுப்பார்கள், பற்றவைப்பார்கள், பின்னறையில் சமையல் நடக்கும். வீட்டில் நாள் முழுக்க வெளியாட்கள் இருப்பதால் எந்தச் சண்டையும் சத்தமாக நடக்க முடியாது. கதைக்கு இது பெரிய வசதி. கோபத்தை எல்லோரும் ராத்திரி பத்து மணி வரை வைத்திருக்க வேண்டியிருக்கும்.

ஆல்பர்ட்டுக்கு 17. ஏற்காட்டில் நாகலூர் பக்கம் ஒரு காபி எஸ்டேட்டில் அவன் அப்பா மேஸ்திரி. பையன் சேலத்தில் விடுதியில் தங்கிப் படிக்கிறான், சனிக்கிழமை மலைக்குப் போவான், திங்கள் காலை இறங்குவான். எனவே கதைக்கு ஒரு பஸ் கிடைக்கிறது. சேலத்திலிருந்து ஏற்காடு சுமார் 30 கிலோமீட்டர், அடிவாரம் தாண்டினால் 20 கொண்டை ஊசி வளைவுகள். பஸ்ஸில் பக்கத்து சீட்டில் இருப்பவன் முகத்தைப் பார்க்காமல் பேசலாம். வளைவுக்கு வளைவு தோள் இடிக்கும், யாரும் அதைத் தப்பாக நினைக்க மாட்டார்கள். முக்கியமான உரையாடல்களை இந்தப் பயணத்துக்குள் வையுங்கள், பேசி முடிக்க ஒரு மணி நேரம்தான் இருக்கிறது என்ற நெருக்கடி தானாக வரும்.

சுற்றுலாக்காரர் பார்க்கிற ஏற்காட்டை எழுதாதீர்கள். லேடீஸ் சீட்டும் படகுத்துறையும் மே மாத மலர்க் கண்காட்சியும் வெளியூர்க்காரர்களுக்கு. அங்கே வாழ்கிற பையனுக்கு மலை என்பது நவம்பரிலிருந்து காபிப் பழம் பறிக்கிற வேலை, சில்வர் ஓக் மரத்தில் ஏறும் மிளகுக் கொடி, சிக்னலுக்காக மேடு தேடி நடப்பது. "மெசேஜ் போகவில்லை" என்பது அவனுக்கு வெறும் சாக்கு இல்லை. இந்த மலையில் வாழும் மலையாளிப் பழங்குடியினரை (கேரளத்தவர் இல்லை) கதைக்குள் கொண்டுவந்தால் இன்னும் கவனம் வேண்டும். இயற்கையோடு வாழ்கிறவர்கள் இதையெல்லாம் இயல்பாக ஏற்றுக்கொள்வார்கள் என்று எழுதுவது புகழ்ச்சி போலத் தெரியும், உண்மையில் சோம்பேறித்தனம்.

கீழே சேலத்தில், ஆடி மாதம் குகை என்ற பகுதியில் நடக்கும் வண்டி வேடிக்கை அன்று ஊரே தெருவில் நிற்கும். கடவுள் வேடம் போட்டவர்கள் அலங்கார வண்டிகளில் வருவார்கள். அந்தக் கூட்டத்தில் இருவரும் கை கோத்து நடக்கலாம், கண்டுகொள்ள ஆளில்லை. தட்டு வடை செட் சாப்பிட்டபடி நிற்கிற இரண்டு பையன்களை இந்த ஊர் எங்கும் சந்தேகப்படாது.

மூன்றாம் படி: ரகசியம் எங்கே இருக்கிறது என்று கண்டுபிடியுங்கள்

புதிதாக எழுதுகிறவர்கள் ஆண்-பெண் காதல் கதையின் ஒளிவுமறைவை அப்படியே இங்கே தூக்கி வைக்கிறார்கள். மொட்டை மாடியில் ஒளிந்து பேசுவது, யாராவது பார்த்துவிடுவார்களோ என்ற பதற்றம். நம் ஊரில் இரண்டு பையன்கள் ஒரே பைக்கில் ஒட்டி உட்காரலாம், மொட்டை மாடியில் ஒரே பாயில் படுக்கலாம். அம்மாவே தலையணை எடுத்துக் கொடுப்பாள். இடத்துக்குப் பஞ்சமே இல்லை. பஞ்சம் அதற்கு வைக்கிற பெயருக்குத்தான். இது என்ன என்று இருவரில் யாரும் வாயால் சொல்லாத வரை எல்லாம் நடக்கும். சொன்ன அடுத்த நாள் அதே மாடி அதே மாடியாக இருக்காது. அந்தப் பயத்தைப் பிடித்தால் பாதிக் கதை வந்துவிடும்.

இரண்டு பெண் பிள்ளைகளைப் பற்றி எழுதுவதானால் இது வேறு நாவல், பெயரை மாற்றினால் போதாது. அவர்களும் ஒன்றாகத் தூங்கலாம், ஒருத்திக்கு ஒருத்தி தலை வாரி விடலாம். ஆனால் போன் அவர்களுடையதாக இருக்காது. பஸ் எத்தனை மணிக்கு வந்தது என்று கணக்கு இருக்கும். எல்லாவற்றுக்கும் மேலே கல்யாணம் என்ற கடிகாரம் ஓடும். பிளஸ் டூ முடித்த கோடையிலேயே ஜாதகம் வெளியே வரும். பையன் கதையில் காலம் நீளமாகக் கிடக்கிறது, பெண் கதையில் அதற்கு முடிவுத் தேதி உண்டு.

சாதியையும் இங்கேயே முடிவு செய்துவிடுங்கள். சாதி கடந்த காதலுக்காகக் கொலை நடந்திருக்கிற பகுதி இது. சாதியே இல்லாத சேலத்தை எழுதினால் உள்ளூர் வாசகர் முதல் அத்தியாயத்திலேயே புத்தகத்தை மூடுவார். சாதி பெயரைப் போட வேண்டும் என்றில்லை. ஆல்பர்ட் வந்தால் தினேஷின் அம்மா எந்த டம்ளரை எடுக்கிறாள் என்று காட்டினால் போதும்.

நான்காம் படி: சேதியின் வழியை வரையுங்கள்

நம்மிடம் இதற்கு ஒரு பழைய கட்டுமானம் இருக்கிறது. சங்க அகப்பாடல்களில் களவு, அதாவது ரகசியக் காதல், வெளிப்படுவதற்கு ஒரு வரிசை உண்டு. ஊரில் அலர், அதாவது ஊர்ப்பேச்சு, எழும். பெண்ணை வீட்டுக்குள் அடைப்பார்கள், அது இற்செறிப்பு. அவள் மெலிவதைப் பார்த்து முருகன் பிடித்துவிட்டான் என்று நினைத்து, வேலன் என்ற பூசாரியை அழைத்து வெறியாட்டு என்ற சாமியாட்டம் நடத்துவார்கள். அப்போதுதான் உண்மையை வெளியே சொல்கிற அறத்தொடு நிற்றல் நடக்கும்: தலைவி தோழியிடம், தோழி வளர்ப்புத் தாயான செவிலியிடம், செவிலி பெற்ற தாயான நற்றாயிடம், நற்றாய் தந்தையிடமும் தமையன்மாரிடமும். கபிலரின் குறிஞ்சிப்பாட்டு 261 அடியும் இதில் ஒரே ஒரு கண்ணிதான், தோழி செவிலியிடம் பேசுகிற பேச்சு. நேராக விஷயத்துக்கு வராமல், நடுவில் 99 பூக்களின் பெயரை அடுக்குகிற அளவுக்கு நேரம் எடுத்துக்கொள்கிறாள். கெட்ட சேதி என்று கேட்பவர் நினைத்துவிடக் கூடாதே என்று சுற்றி வளைக்கிறவர்கள் எப்படிப் பேசுவார்கள் என்பதற்கு அதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியாது.

ஒரு எச்சரிக்கை. அந்தப் பாடல்கள் ஆண்-பெண் களவைத்தான் பேசுகின்றன, அவற்றில் நம் கதைக்கு அனுமதிச் சீட்டு தேட வேண்டாம். நட்புக்குப் பேர்போன பிசிராந்தையாரையும் கோப்பெருஞ்சோழனையும் சாட்சிக் கூண்டில் ஏற்றவும் வேண்டாம். கடன் வாங்குவது வரிசையை மட்டும்.

இப்போது ஒரு தாளில் தினேஷின் வீட்டை வரையுங்கள். தினேஷ், அடுத்து கல்லூரியில் படிக்கும் அக்கா, அடுத்து சித்தி, அடுத்து அம்மா, கடைசியில் அப்பா. ஓரத்தில் தாத்தா. ஒவ்வொரு அம்புக்குறியின் மேலும் இரண்டு விஷயம் எழுதுங்கள்: அங்கே என்ன வார்த்தையில் சேதி போகிறது, போக எத்தனை நாள் ஆகிறது.

தினேஷ் அக்காவிடம் சொல்வது: "எனக்கு ஆல்பர்ட்டைப் பிடிக்கும்க்கா. அப்படிப் பிடிக்கும்." அக்கா சித்தியிடம்: "தம்பிக்குப் பொண்ணுங்க மேல இஷ்டம் இல்லையாம் சித்தி." சித்தி அம்மாவிடம்: "புள்ளைக்கு ஏதோ மனசு சரியில்ல, யார்கிட்டயாவது காட்டு." அம்மா அப்பாவிடம்: "அந்த ஏற்காட்டுப் பையன் சகவாசம் வேணாம்னு சொல்லி வைங்க."

பார்த்தீர்களா? ஒரு பையனின் காதல் நான்கு வாய் தாண்டுவதற்குள் கெட்ட சகவாசமாகிவிட்டது. யாரும் பொய் சொல்லவில்லை. ஒவ்வொருவரும் தனக்குத் தாங்குகிற அளவுக்குச் சுருக்கிக்கொண்டார்கள். நாவலின் பின்பாதி, தினேஷ் இந்தச் சங்கிலியில் ஒவ்வொருவரிடமும் போய் அந்த முதல் வாக்கியத்தை மறுபடி சொல்வதுதான். ஏற்பு என்று நாம் சொல்வது அங்கே ஒவ்வொருவராக, வேறு வேறு வேகத்தில் நடக்கும். சித்தி ஒரே வாரத்தில் ஏற்றுக்கொள்ளலாம். அம்மாவுக்கு நாவல் முடிந்தும் முடியாமல் இருக்கலாம்.

இன்னொன்றும் வரைபடத்தில் தெரியும். அக்கா சித்தியிடம் சொல்வதற்கு முன் தினேஷைக் கேட்டாளா? கேட்கவில்லை என்றால் அது துரோகம், நல்ல எண்ணத்தில் செய்திருந்தாலும். நாவலின் நடுப்பகுதிச் சண்டையை அப்பாவோடு வைக்காமல் அக்காவோடு வைத்துப் பாருங்கள்.

ஐந்தாம் படி: வெறியாட்டு

பிள்ளையை "சரி செய்ய" அழைத்துப்போகிற காட்சி இந்த வகை நாவலில் வந்தே தீரும். கோயிலுக்கோ, மந்திரிக்கவோ, டாக்டரிடமோ. அழைத்துப்போகிறவளை வில்லியாக்காதீர்கள், அவள் பயந்திருக்கிறாள்.

தகவலில் மட்டும் பிசகக் கூடாது. உலக சுகாதார நிறுவனம் 1990 மே 17 அன்றே தன்பாலீர்ப்பை நோய்ப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. இந்திய மனநல மருத்துவர் சங்கமும் 2018-ல் இது நோயில்லை என்று அறிவித்தது. 2021 ஜூன் 7 அன்று சென்னை உயர்நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், பாலீர்ப்பை மருத்துவத்தால் மாற்ற முயல்வதற்குத் தடை விதித்தார். மதுரையிலிருந்து சென்னைக்கு வந்த இரண்டு இளம்பெண்கள் பாதுகாப்புக் கேட்டுத் தொடுத்த வழக்கு அது. தனக்கே இந்த விஷயத்தில் புரிதல் போதவில்லை என்று சொல்லி, அந்த நீதிபதி ஒரு உளவியலாளரிடம் உட்கார்ந்து பாடம் கேட்டுக்கொண்டார். 2022-ல் தேசிய மருத்துவ ஆணையம் இத்தகைய "சிகிச்சை" தொழில் ஒழுக்கக்கேடு என்று அறிவித்தது.

நம் கதை 2022-ல் நடப்பதால் தினேஷின் அம்மா அழைத்துப்போகிற டாக்டர் இதைத் தெரிந்தவராகவும் இருக்கலாம், தெரிந்தும் மாத்திரை எழுதுகிறவராகவும் இருக்கலாம். முதல் வகை டாக்டர் வந்தால் அவருக்கு ஒரு பக்கத்துக்கு மேல் கொடுக்காதீர்கள். வெள்ளைக் கோட்டு போட்டவர் வந்து எல்லாவற்றையும் விளக்கினால் கதை அங்கேயே உட்கார்ந்துவிடும். அவர் பிள்ளையை வெளியே அனுப்பிவிட்டு அம்மாவிடம், "உங்களுக்குத் தூக்கம் வருதாம்மா?" என்று கேட்டால், அது வேலை செய்கிறது.

ஆறாம் படி: அப்பாவும் தாத்தாவும்

தாத்தாவுக்கு 76 வயது என்று வைத்துக்கொள்வோம். 1944 ஆகஸ்ட் 27 அன்று நீதிக்கட்சி திராவிடர் கழகமானது இந்தச் சேலத்தில்தான். 1971-ல் மூடநம்பிக்கை ஒழிப்பு மாநாடு நடந்ததும் இங்கேதான். தாத்தா அந்த மாநாட்டு ஊர்வலத்தில் நடந்தவர். ஐயர் இல்லாமல் சுயமரியாதைத் திருமணம் செய்தவர். அந்தத் திருமணத்துக்குச் சட்ட அங்கீகாரம் தரும் மசோதாவை 1967-ல் சட்டமன்றம் நிறைவேற்றியிருந்தாலும், சொந்தக்காரர்கள் பந்தலுக்கு வரவில்லை.

இவர் பேரனை உடனே புரிந்துகொள்வார் என்று எழுத கை துறுதுறுக்கும். வேண்டாம். தன் காலத்தில் ஊரை எதிர்த்தவர், "இது வேற" என்று சொல்லும்போதுதான் கதையில் உயிர் வரும். தினேஷ் அவரிடம் வாதாடத் தேவையில்லை. "உங்க கல்யாணத்துக்கு எத்தனை பேர் வந்தாங்க தாத்தா?" என்று கேட்டால் போதும். அவர் பதில் சொல்ல எடுத்துக்கொள்ளும் நேரத்தை எழுதுங்கள்.

அப்பாவுக்கு வசனம் எழுதும்போது அன்பு, பாசம், பெருமை எல்லாவற்றையும் வெட்டிவிட்டு என்ன மிஞ்சுகிறது என்று பாருங்கள். பல வாரம் பேசாமல் இருந்த மனிதர் ஒரு சனிக்கிழமை, பட்டறையில் தலை நிமிராமல் கேட்கிறார்:

"அந்தப் பையன் ஊருக்குப் போயிட்டானா?"

"போயிட்டான்ப்பா. திங்கக்கிழமை வருவான்."

"மலையில மழையாம். பாத்து வரச் சொல்லு."

இவ்வளவுதான். இதற்கு மேல் அவர் ஒரு வார்த்தை பேசினால் நான் நம்ப மாட்டேன்.

ஏழாம் படி: பேச்சும் வசையும்

பிள்ளைகள் தமக்குள் "டேய்", "மச்சி" என்றே பேசட்டும். அம்மாயி வந்தால் வேறு நடை. தினேஷ் தன்னைப் பற்றிப் படிப்பது போனில், பெரும்பாலும் ஆங்கிலத்தில், ஆகவே அவன் வாயில் "கே" என்ற சொல் வருவது இயல்பு. 2022-ல் தமிழ்நாடு அரசு மரியாதையான சொற்களின் பட்டியலை அரசிதழில் வெளியிட்டது. அதைக் கதைசொல்லியின் குரலுக்கு வைத்துக்கொள்ளுங்கள், சித்தியின் வாயில் திணிக்காதீர்கள். "ஒன்பது" போன்ற வசை ஒருமுறை வரட்டும், விழுகிற இடத்தில் வலிக்கட்டும். பக்கத்துக்குப் பக்கம் வந்தால் அது எழுத்தாளரின் ருசியாகத் தோன்றும்.

எட்டாம் படி: எழுதக் கூடாதவை

இருவரும் 18 வயதுக்குக் கீழே. 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் அந்த வயதில் சம்மதத்தைக் கணக்கில் எடுப்பதில்லை. சட்டத்தை விடுங்கள், இந்தக் கதைக்கு உடல் காட்சி தேவையும் இல்லை. ஆல்பர்ட் இறங்கின பிறகும் தினேஷ் அவன் உட்கார்ந்த சீட்டில் வேறு யாரையும் உட்கார விடாமல் பையை வைத்திருக்கிறான் என்றால் வாசகருக்கு எல்லாம் புரியும்.

தற்கொலையை உச்சக்கட்டமாக்காதீர்கள். தனியாக ராத்திரியில் படிக்கிற ஒரு பிள்ளைக்கு அது வழிகாட்டியாகிவிடும். அந்த எண்ணம் பாத்திரத்துக்கு வந்தால், வந்தது என்று எழுதுங்கள், முறையை எழுதாதீர்கள், அடுத்த காலையில் யாரிடம் பேசினான் என்பதையும் எழுதுங்கள். சென்னைக்கு ஓடிப்போய் விடுதலை அடைவதாகவும் முடிக்க வேண்டாம். 16 வயதுப் பையன் கோயம்பேட்டில் இறங்கி எங்கே படுப்பான்?

ஒன்பதாம் படி: யாரிடம் படிக்கக் கொடுப்பது

சிறு நகரத்தில் வளர்ந்த, வயது வந்த தன்பாலீர்ப்பாளர் ஒருவரிடம் முதலில் கொடுங்கள், அவர் நேரத்துக்குப் பணமும் கொடுங்கள். அவர் சொன்ன சொந்தக் கதையைக் கேட்காமல் எடுத்து நாவலில் போட்டுவிடாதீர்கள். சேலம் பெரிய ஊர்தான், ஆனால் பட்டறை இருக்கும் தெரு, பள்ளியின் பெயர், அக்கா படிக்கும் படிப்பு என்ற மூன்றும் சேர்ந்தால் ஆள் யார் என்று ஊர் கண்டுபிடித்துவிடும். மூன்றில் இரண்டையாவது மாற்றுங்கள்.

அடுத்து ஒரு அம்மா. இலக்கியம் படிக்கிறவராக இருக்க வேண்டாம். தினேஷின் அம்மா வரும் பக்கங்களை மட்டும் கொடுத்து, "இந்தப் பொம்பளை அடுத்து என்ன செய்வா?" என்று கேளுங்கள். நீங்கள் எழுதியதும் அவர் சொல்வதும் வேறாக இருந்தால், பெரும்பாலும் அவர் சொல்வதுதான் சரி.

பத்தாம் படி: அட்டை

பதிப்பாளர்கள் வானவில் கேட்பார்கள். மறுத்துவிடுங்கள். இந்தப் புத்தகம் யாருக்குத் தேவையோ அந்தப் பிள்ளைக்குத் தனி அறை கிடையாது. நூலகத்தில் எடுத்து, ஸ்கூல் பையில் வைத்து, பட்டறை வழியாக நடந்து உள்ளே போக வேண்டும். அட்டையில் ஒரு மலைப்பாதை, ஒரு பஸ், அவ்வளவு போதும். பின்னட்டைக் குறிப்பில் "இரண்டு நண்பர்கள், ஒரு வருடம், ஒரு வீடு" என்ற அளவில் நிறுத்துங்கள். தேடுகிறவனுக்கு அது புரிந்துவிடும், அவன் அப்பா புரட்டிப் பார்த்தாலும் திருப்பிக் கொடுத்துவிடுவார். 30,000 சொல்லுக்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள், விலை ஏறினால் அந்தப் பிள்ளையால் வாங்க முடியாது. மின்னூலையும் கூடவே கொண்டுவரச் சொல்லி ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.